ஒளியிழைக்குள் ஒரு சென்சார்: எஃப்.பி.ஜி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் பிராக் கிரேட்டிங், சுருக்கமாக எஃப்.பி.ஜி. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களும், ஒரு பாலத்தையோ குழாயையோ காட்டி “இதில் போடலாமா?” என்று கேட்கும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். கணக்கு போட்டால்தான் புரியும் என்ற இடங்களில் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தால் போதும்.

எஃப்.பி.ஜி என்பது என்ன?

ஒளியிழையின் நடுவில் ஒளி ஓடும் பகுதிக்கு உள்ளகம் என்று பெயர். அதில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும், கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கி எழுதிவைத்தால் அது எஃப்.பி.ஜி. இழையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எழுதிய இடம் எது, எழுதாத இடம் எது என்று தெரியாது. ஆனால் பல அலைநீளங்கள் கலந்த ஒளியை உள்ளே விட்டால், அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் திரும்பி வரும். மற்றவை ஒன்றுமே நடக்காதது போலக் கடந்து போய்விடும்.

சூத்திரம் ஒரே வரி: திரும்பி வரும் அலைநீளம் = 2 × ஒளிவிலகல் எண் × இடைவெளி. தொலைத்தொடர்பில் புழங்கும் 1550 நானோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.447. அப்படியானால் இடைவெளி சுமார் 535 நானோமீட்டர். 1 சென்டிமீட்டர் நீளக் கிரேட்டிங்கில் இப்படி 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கும்.

இழையை இழுத்தால் இடைவெளி கூடுகிறது. சூடாக்கினால் முக்கியமாக ஒளிவிலகல் எண் மாறுகிறது. இரண்டிலுமே திரும்பி வரும் அலைநீளம் நகர்கிறது. அந்த நகர்வை அளந்தால் அது சென்சார்.

இது பிராக் கண்டுபிடித்ததா?

இல்லை. வில்லியம் லாரன்ஸ் பிராக் 1912-இல் சொன்னது, படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டு எக்ஸ் கதிர் எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்பும் என்பதற்கான விதி. அதற்காக அவரும் அவருடைய தந்தையும் 1915-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அப்போது மகனுக்கு வயது 25. இழைக்குள் நடப்பதும் அதே விதிதான். அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் இழைக்குள் இதை முதலில் செய்தது யார்?

கனடாவில், ஒட்டாவாவில் இருந்த தகவல்தொடர்பு ஆராய்ச்சி மையத்தில் கென் ஹில் குழுவினர், 1978-இல். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரேட்டிங் எழுத வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை.

ஜெர்மேனியம் கலந்த உள்ளகம் கொண்ட ஒரு இழைக்குள் ஆர்கான் அயனி லேசரின் நீலப்பச்சை ஒளியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக, மறுமுனைக்கு வந்து சேரும் ஒளி குறைந்துகொண்டே போனது. இப்படி ஆனால் பெரும்பாலானவர்கள் லேசர் விலகிவிட்டது என்று நினைத்து, அதைத் திருப்பிவிடும் ஆடியைச் சரிசெய்யப் போவோம். அவர்கள் திரும்பி வரும் ஒளியையும் அளந்தார்கள். அது கூடிக்கொண்டிருந்தது. இழையே முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். இழையின் வெட்டிய முனையில் சுமார் 4% ஒளி எதிரொளிக்கும். முன்னே போகும் ஒளியும் திரும்பும் அந்த 4 சதவீதமும் சேர்ந்து நிலை அலை ஒன்றை உருவாக்கும். நிலை அலையின் பிரகாசமான இடங்களில் ஜெர்மேனியம் கலந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண் நிரந்தரமாகச் சற்று மாறியது. மாறியதால் எதிரொளிப்பு கூடியது, கூடியதால் நிலை அலை இன்னும் அழுத்தமானது, அதனால் மாற்றம் இன்னும் கூடியது. தன்னைத் தானே எழுதிக்கொண்ட கிரேட்டிங்.

அழகான கண்டுபிடிப்பு, ஆனால் பயன் குறைவு. எந்த அலைநீளத்தால் எழுதினார்களோ அதையொட்டித்தான் அது எதிரொளிக்கும். நீல லேசரால் எழுதியதை 1550 நானோமீட்டரில் பயன்படுத்த வழியில்லை. அதனால் பத்தாண்டு அது ஓர் ஆய்வக விந்தையாகவே இருந்தது.

அந்தத் தடை எப்படி உடைந்தது?

1989-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், யுனைடெட் டெக்னாலஜீஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த மெல்ட்ஸ், மோரி, கிளென் மூவரும் இழையின் பக்கவாட்டில் இருந்து எழுதிக் காட்டினார்கள். 244 நானோமீட்டர் புற ஊதா ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கற்றைகளும் இழையின் மேல் ஒரு கோணத்தில் சந்திக்குமாறு செய்தார்கள். சந்திக்கும் இடத்தில் குறுக்கீட்டு வரிகள் விழும். கோணத்தை மாற்றினால் வரிகளின் இடைவெளி மாறும். ஆகவே எந்த அலைநீளத்துக்கு வேண்டுமானாலும் கிரேட்டிங் எழுதலாம். இன்றைய எஃப்.பி.ஜி துறை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

1993-இல் ஃபேஸ் மாஸ்க் வந்தது. நுண்ணிய பள்ளங்கள் செதுக்கிய சிலிக்கா தகடு அது. அதன் வழியே புற ஊதா ஒளியை விட்டால், தகட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்திருக்கும் இழையில் தானாகவே குறுக்கீட்டு வரிகள் விழும். வரிகளின் இடைவெளி, மாஸ்க்கின் பள்ள இடைவெளியில் சரிபாதி. 1550-க்கு எழுத 1070 நானோமீட்டர் இடைவெளியுள்ள மாஸ்க் வேண்டும். அதிர்வுக்கு அஞ்ச வேண்டிய அவசியம் குறைந்தது. ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் எழுத முடிந்தது.

எழுதும்போது அங்கே என்னதான் தெரியும்?

இழையின் மேல்பூச்சை ஓரிரு சென்டிமீட்டருக்கு உரிக்க வேண்டும். அக்ரிலேட் பூச்சோடு 250 மைக்ரான் இருக்கும் இழை, உரித்தபின் 125 மைக்ரான். முடியை விடச் சற்றுத் தடிமனான வெறும் கண்ணாடி. உரிக்கும் கருவியின் பல் லேசாகக் கீறினாலும் போதும், பின்னால் இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் உடையும். அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு பிடிகளுக்கு இடையே தொய்வில்லாமல் மாட்டி, மாஸ்க்குக்கு அருகே கொண்டுவருவோம். தகட்டில் முட்டிவிடக் கூடாது. மாஸ்க் விலை கூடியது.

ஷட்டரைத் திறந்ததும் இழையில் எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது நிறமாலைப் பகுப்பாய்வியின் திரையை. தட்டையாக இருந்த கோட்டில் ஒரு சின்ன முள் எழும். அது உயர உயர, கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரவும் செய்யும். சராசரி ஒளிவிலகல் எண் கூடுவதால் வரும் நகர்வு அது. எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம்.

கண்ணாடி எவ்வளவு மாற வேண்டும்?

வியப்பாக இருக்கும், மிகக் குறைவு. ஒளிவிலகல் எண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே, 1 சென்டிமீட்டர் நீளத்தில் சுமார் 93% எதிரொளிப்பு கிடைத்துவிடும். ஒவ்வொரு வரியும் திருப்பி அனுப்புவது துளியூண்டு. 18 ஆயிரம் வரிகளும் ஒரே கட்டத்தில் சேர்வதால் வரும் பலம் இது.

ஹைட்ரஜன் ஏற்றுவது எதற்கு?

சாதாரணத் தொலைத்தொடர்பு இழையில் ஜெர்மேனியம் குறைவு, எழுதினால் மெதுவாகத்தான் பிடிக்கும். 1993-இல் பெல் ஆய்வகத்தில் லெமேரும் சகாக்களும் ஒரு வழி காட்டினார்கள்: நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவுக்குள் இழையை நாள்கணக்கில் வைத்தால், ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஊடுருவி ஒளியுணர்திறனைப் பல மடங்கு கூட்டும்.

எழுதி முடித்தபின் மீதி ஹைட்ரஜன் வெளியேறும். அது வெளியேற வெளியேறக் கிரேட்டிங்கின் அலைநீளம் குறைந்துகொண்டே வரும். அதனால் எழுதியவுடன் அளவுதிருத்தம் செய்யாதீர்கள். சூடேற்றிப் பதப்படுத்தி, நிலைப்பட்டபின் செய்யுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, “சென்சார் தானாக நகர்கிறது” என்று வந்து நிற்பவர்கள் நிறைய.

இழுத்தால் எவ்வளவு நகரும்? சூட்டுக்கு எவ்வளவு?

1550 நானோமீட்டரில் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு, அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு திரிபுக்கு, 1.2 பிக்கோமீட்டர். ஒரு டிகிரி செல்சியஸுக்கு, எதிலும் ஒட்டாத வெறும் இழையில், சுமார் 10 பிக்கோமீட்டர்.

முதல் எண் எங்கிருந்து வருகிறது? நீளம் கூடும் விகிதத்திலேயே அலைநீளமும் கூடினால் 1.55 வந்திருக்க வேண்டும். ஆனால் இழுக்கும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கொஞ்சம் குறைகிறது. அது 22 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. மிச்சம் 0.78 பங்கு, ஆகவே 1.2. இரண்டாவது எண்ணில் கண்ணாடி விரிவதன் பங்கு ரொம்பக் குறைவு. சிலிக்காவின் விரிவுக் கெழு டிகிரிக்கு 0.55 மைக்ரோஸ்ட்ரெயின்தான். கிட்டத்தட்ட எல்லாமே ஒளிவிலகல் எண் வெப்பத்தோடு மாறுவதால் வருகிறது.

வணிக இழைகளை ஆலையிலேயே 1% திரிபுக்கு இழுத்துச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். அந்த 1 சதவீதத்தில் நகர்வு 12 நானோமீட்டர்.

திரிபும் வெப்பமும் கலந்துவிடுமே, எப்படிப் பிரிப்பது?

கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். எஃப்.பி.ஜி-க்குத் தெரிந்தது ஒரே ஒரு எண். அந்த எண் எதனால் மாறியது என்று அதற்குத் தெரியாது.

ஓர் எஃகுப் பாலத்தின் விட்டத்தில் கிரேட்டிங்கை ஒட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எஃகு 26 டிகிரி, பிற்பகலில் 40. பதினான்கு டிகிரி ஏற்றம். வெறும் இழைக்கு 140 பிக்கோமீட்டர் நகர்வு. ஆனால் இழை ஒட்டியிருப்பது எஃகில். எஃகு டிகிரிக்கு 12 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும், இழையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அந்தப் பங்கு டிகிரிக்குச் சுமார் 14 பிக்கோமீட்டர். இரண்டும் சேர்த்து டிகிரிக்கு 24. மொத்தம் 336 பிக்கோமீட்டர். இதைத் திரிபு என்று தவறாகப் படித்தால் 280 மைக்ரோஸ்ட்ரெயின். எஃகில் அது 56 மெகாபாஸ்கல் தகைவு! பாலத்தின் மேல் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

அலுமினியத்தில் இது இன்னும் மோசம். டிகிரிக்கு 37 வரை போகும்.

வழிகள் மூன்று நான்கு உண்டு. நான் நம்புவது மிக எளியதை: பக்கத்திலேயே இன்னொரு கிரேட்டிங்கை மெல்லிய குழாய்க்குள் தளர்வாக விட்டு, வெப்பத்தை மட்டும் அளக்க வைப்பது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குழாய்க்குள் இருப்பது சூடாக நேரம் எடுக்கும், ஒட்டியிருப்பது உடனே சூடாகும். வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வரும் நாளில் இரண்டும் ஒத்துப்போகாது. வெப்பக் கிரேட்டிங்கை அதே உலோகத்தோடு தொட்டுக்கொண்டிருக்குமாறு பொருத்துங்கள், மேலே ஒரு மூடியும் போடுங்கள்.

வேறு இரு அலைநீளங்களில், உதாரணமாக 850-இலும் 1300-இலும், ஒரே இடத்தில் இரண்டு கிரேட்டிங் எழுதி, இரண்டு சமன்பாடு இரண்டு மாறி என்று தீர்ப்பது இன்னொரு வழி. காகிதத்தில் நேர்த்தியாக இருக்கும். இரண்டு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால், அளவீட்டில் ஒரு பிக்கோமீட்டர் பிழை வந்தாலும் விடையில் பல மடங்காகப் பெருகும். கட்டுரைகளில் இது கொடிகட்டிப் பறக்கிறது. களத்தில் நான் அவ்வளவாகக் கண்டதில்லை.

சில சமயம் பிரிக்கவே தேவையில்லை. லாரி பாலத்தைக் கடப்பது சில நொடிகள். அந்த நேரத்தில் எஃகின் வெப்பநிலை மாறாது. உங்களுக்கு வேண்டியது லாரியால் வந்த திரிபு மட்டும்தான் என்றால், மெதுவான மாற்றத்தை வடிகட்டி எறிந்துவிடலாம். எதை அளக்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

எப்படி ஒட்டுவது?

சென்சார் வாங்குவதற்கு ஆறு மாதம் யோசிப்பவர்கள் ஒட்டுவதற்கு ஆறு நிமிடம் ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில் கெட்டுப்போன அளவீடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டவை.

பரப்பை எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, துணியில் கறை வராத வரை திரும்பத் துடைக்க வேண்டும். அக்ரிலேட் பூச்சு மென்மையானது. அதன் மேலேயே ஒட்டினால் உலோகத்தின் திரிபு முழுதாக இழைக்குப் போய்ச் சேராது, நாளடைவில் வழுக்கவும் செய்யும். கிரேட்டிங் உள்ள பகுதியில் அதை உரித்துவிட்டு ஒட்டுங்கள். பாலிஇமைடு பூச்சு என்றால் உரிக்க வேண்டாம். லேபில் அவசரத்துக்கு ஃபெவிக்விக் வகைப் பசை சரி. ஈரமும் வெயிலும் படும் இடத்தில் அது நிற்காது. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸிதான்.

பசை இறுகும்போது சுருங்கும், கிரேட்டிங்கையும் நெருக்கும். ஆகவே ஒட்டும் முன் அலைநீளம் என்ன, இறுகியபின் என்ன என்று இரண்டையும் எழுதி வையுங்கள். அமுக்குவிசையையும் அளக்க வேண்டுமானால், ஒட்டும்போது இழையின் நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு முன்கூட்டியே இழுவையில் வைத்திருங்கள். இழை உடைவது பசைக்குள் அல்ல. பசையை விட்டு வெளியே வரும் அந்த ஒரு புள்ளியில். அங்கே சிலிக்கோன் வைத்து மெத்தென்று ஆக்கிவிட்டு, இழையைப் பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள்.

ஒட்டியபின் நிறமாலைத் திரையில் ஒரு முகடு இரண்டாகப் பிளந்துவிட்டது. சென்சார் போய்விட்டதா?

போகவில்லை. இழையைப் பக்கவாட்டில் ஏதோ நசுக்குகிறது. நசுங்கிய திசையிலும் அதற்குக் குறுக்கான திசையிலும் ஒளிவிலகல் எண் வேறாகிவிட்டதால், இரண்டு முனைவாக்கங்களும் தனித்தனி முகடு காட்டுகின்றன. பிளக்காமல் வெறுமனே அகன்று, பல்பல்லாக ஆகிவிட்டால், கிரேட்டிங்கின் நீளம் முழுக்கத் திரிபு ஒரே சீராக இல்லை என்று பொருள். பெரும்பாலும் பசை ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய இருக்கும். எதுவானாலும் அந்த முகட்டில் இருந்து வரும் எண்ணை நம்ப வேண்டாம். திரும்ப ஒட்டுங்கள்.

சாதாரண ஸ்ட்ரெயின் கேஜ் போதாதா?

பல இடங்களில் போதும். ஆய்வக மேசையில் இரண்டு புள்ளிகளில், ஒரு மாதத்துக்கு அளக்க வேண்டும் என்றால் மின்தடைக் கேஜ்தான் மலிவு, சுலபம். எஃப்.பி.ஜி-யைப் படிக்கும் இன்ட்டராகேட்டர் கருவிக்குப் பல லட்ச ரூபாய் ஆகும்.

எஃப்.பி.ஜி ஜெயிக்கும் இடங்கள் வேறு. மின்மாற்றி, உயர் அழுத்தக் கம்பி, எம்.ஆர்.ஐ இயந்திரம் போல மின்காந்த இரைச்சல் கொட்டும் இடம்; தீப்பொறி கூடாத இடம்; அளக்கும் புள்ளிக்கும் கருவிக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் தூரம்; ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று கம்பி என்று இழுத்தால் கம்பிக் கட்டே கட்டமைப்பை விடக் கனக்கும் இடம். இன்னொரு சிறப்பு: செய்தி இருப்பது ஒளியின் அளவில் இல்லை, அலைநீளத்தில். வழியில் கனெக்டர் கொஞ்சம் அழுக்கானாலும், விளக்கு மங்கினாலும், முகட்டின் உயரம் குறையுமே தவிர இடம் மாறாது. பல வருடம் அளக்க வேண்டிய வேலைக்கு இது பெரிய பலம்.

ஒரே இழையில் எத்தனை வைக்கலாம்?

கணக்கு போடுவோம். கருவி 1510 முதல் 1590 வரை 80 நானோமீட்டர் படிக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சென்சாரும் 1500 மைக்ரோஸ்ட்ரெயின் வரை இரு பக்கமும் போகலாம் என்றால் 3.6 நானோமீட்டர் இடம். எஃகில் ஒட்டி 60 டிகிரி வெப்ப வீச்சு என்றால் இன்னும் 1.4. ஆக ஒரு சென்சாருக்கு 5 நானோமீட்டர், ஓர் இழையில் 16. இடைவெளியைக் கருமித்தனமாக ஒதுக்கினால் ஒரு நாள் இரண்டு முகடுகள் ஒன்றையொன்று கடந்துபோகும், எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் வழி வேறு. மிகக் குறைவாக எதிரொளிக்கும் ஒரே அலைநீளக் கிரேட்டிங்குகளை இழை முழுக்க எழுதி, திரும்பி வரும் ஒளியைத் தூரத்தை வைத்துப் பிரிப்பார்கள்.

ஒரு பிக்கோமீட்டரை எப்படி அளக்கிறார்கள்?

முகட்டின் அகலமே சுமார் 200 பிக்கோமீட்டர் இருக்கும். அதன் உச்சியை மட்டும் தேடாமல், முழு வடிவத்துக்கும் ஒரு வளைவரையைப் பொருத்தி நடுப்புள்ளியைக் கணிக்கிறார்கள். கருவியே நகர்ந்துவிடாமல் இருக்க, உள்ளே அசிட்டிலீன் அல்லது ஹைட்ரஜன் சயனைடு வாயு அடைத்த சிறு குப்பி இருக்கும். அந்த மூலக்கூறுகளின் உட்கவர் கோடுகள் இடம் மாறாதவை, அவைதான் அளவுகோல்.

கருவிகளில் இரண்டு வகை பரவலானவை. ஒன்று அகன்ற பட்டை ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை நிறமாலைமானியில் பிரிப்பது. மற்றது லேசரின் அலைநீளத்தையே வேகமாக ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவதில் வேகம் கூடும்போது வரும் ஒரு விசித்திரம்: கிரேட்டிங் 1 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒளி போய்வர 10 மைக்ரோ நொடி. 80 நானோமீட்டரை ஒரு மில்லி நொடியில் ஓட்டும் லேசர் அதற்குள் 800 பிக்கோமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது வெறும் தூரமே 0.8 நானோமீட்டர் பொய்யைக் காட்டும். மாறாத பிழை என்பதால் கழித்துவிடலாம். இழையை நீட்டியபின் கழிக்க மறந்தால்தான் வம்பு.

உண்மையில் எங்கெல்லாம் பயன்படுகிறது?

கனடாவில் கால்கரி நகரின் பெடிங்டன் டிரெயில் பாலம் இத்துறையில் எல்லோரும் சொல்லும் முதல் உதாரணம். 1993-இல் கட்டியது. கார்பன் இழைக் கம்பிகளை இழுவிசைக்குப் பயன்படுத்தினார்கள். எஃகுக்குப் பதில் புதுப் பொருள், நம்பலாமா என்ற சந்தேகம். அதனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் மெஷர்ஸ் குழு விட்டங்களுக்குள்ளேயே எஃப்.பி.ஜி-களைப் புதைத்தது. கான்கிரீட் ஊற்றும்போது இழை உயிரோடு தப்பியதே ஒரு சாதனை.

ஹாங்காங்கில் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் குழு சிங் மா தொங்கு பாலத்தில் இவற்றைச் சோதித்தது. அதே குழு ரயில் தண்டவாளங்களிலும் ஒட்டியது. எனக்கு மிகப் பிடித்த பயன் இதுதான். மேலே சக்கரம் உருளும்போது தண்டவாளம் வளையும், ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு முகடு. அதை எண்ணினால் அச்சு எண்ணிக்கை. உயரத்தைப் பார்த்தால் எடை. சக்கரம் வட்டமாக இல்லாமல் தேய்ந்திருந்தால் முகட்டின் மேல் கூடுதல் நடுக்கம். மின் ரயில் பாதையில் மின் இரைச்சலுக்குக் குறைவே இல்லை. இழைக்கு அது கேட்கவே கேட்காது.

நாசாவின் ஹீலியோஸ் என்ற சூரிய மின் விமானம் 2003-இல் ஹவாய் அருகே பறக்கும்போது உடைந்து விழுந்தது. மெல்லிய நீண்ட இறக்கை அளவு மீறி வளைந்துபோனது. பறக்கும்போதே இறக்கையின் வளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை அங்கே பிறந்தது. 2008-இல் இக்கானா என்ற ஆளில்லா விமானத்தின் இறக்கைகளில் முடியளவு இழைகளை ஒட்டி, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் திரிபை அளந்து வடிவத்தைக் கணக்கிட்டார்கள்.

மருத்துவத்தில், இதயத் துடிப்பு ஒழுங்கின்மையைச் சரிசெய்ய இதயத்துக்குள் செலுத்தும் டாக்டிகேத் என்ற குழாயின் முதல் வடிவத்தில், நுனியில் மூன்று கிரேட்டிங்குகள் இருந்தன. நுனி இதயச் சுவரை எத்தனை கிராம் விசையோடு, எந்தத் திசையில் தொடுகிறது என்று மருத்துவருக்குத் திரையில் தெரியும். மூன்றுமே ஒரே அளவு நகர்ந்தால் நேராக அமுக்குகிறது. வெவ்வேறாக நகர்ந்தால் சாய்வாக.

எவ்வளவு சூட்டைத் தாங்கும்?

பெரும்பாலும் முதலில் போவது பூச்சுதான். அக்ரிலேட் 85 டிகிரி வரை, பாலிஇமைடு 300 வாக்கில். புற ஊதாவில் எழுதிய சாதாரணக் கிரேட்டிங்கும் சில நூறு டிகிரிக்கு மேல் மெல்ல அழிய ஆரம்பிக்கும். பதப்படுத்தும்போது முற்றிலும் அழிந்து, இன்னும் சூடேற்றினால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும் மீளுருவாக்கக் கிரேட்டிங் 1000 டிகிரிக்கு மேலும் நிற்கும். ஃபெம்டோ நொடி லேசரால் நீலக்கல், அதாவது சஃபையர் இழையில் எழுதியவற்றை 1500 டிகிரி வரை சோதித்திருக்கிறார்கள். அதைச் செய்ததும் ஹில் வேலை பார்த்த அதே ஒட்டாவா மையம்தான்.

ராமன் சிதறல், பிரில்லுவன் சிதறல் என்று ஒளிச் சிதறலை வைத்து அளக்கும் வேறு இழை சென்சார்களும் இருக்கின்றனவே?

அவற்றில் கிரேட்டிங் கிடையாது. சாதாரண இழை முழுவதுமே சென்சார். பல கிலோமீட்டர்க் குழாயில் எங்கே கசிவு என்று தேடுவதற்கு அவை. இந்த வெல்டில், இந்த நொடியில் என்ன நடக்கிறது என்று துல்லியமாகவும் வேகமாகவும் அறிய எஃப்.பி.ஜி. போட்டி என்று நினைக்க வேண்டாம், வேலை வேறு.

அழுத்தத்தை நேரடியாக அளக்குமா?

மிக மோசமாக. வெறும் இழையில் ஒரு மெகாபாஸ்கலுக்குச் சுமார் 3 பிக்கோமீட்டர்தான். ஒரு டிகிரி வெப்ப மாற்றத்தின் மூன்றில் ஒரு பங்கு அது. அதனால் மெல்லிய சவ்வோ நெம்புகோலோ வைத்து அழுத்தத்தைத் திரிபாக மாற்றித்தான் அளப்பார்கள். ஈரப்பதம், வாயு, முடுக்கம் எல்லாமே இப்படித்தான். கிரேட்டிங்கைச் சுற்றி என்ன கட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

இந்தியாவில் எங்கே ஆய்வு நடக்கிறது?

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் கருவியியல் துறையில் நெடுங்காலமாக நடக்கிறது. உயிரிமருத்துவப் பயன்பாடுகள் அங்கே நிறைய. கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இழையைத் தயாரிப்பதில் இருந்து கிரேட்டிங் எழுதுவது வரை செய்கிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில், தாங்களே உருவாக்கிய தாமிர ஆவி லேசரின் ஒளியை 255 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றி எழுதுகிறார்கள். சென்னையில் ஐ.ஐ.டி மெட்ராஸ் மின்பொறியியல் துறையில் இழை ஒளியியல் குழு இருக்கிறது. கட்டமைப்புப் பக்கம் ஆர்வம் என்றால் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தைப் பாருங்கள்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறேன். என்ன மிச்சம் இருக்கிறது?

புதுசாக ஒரு உறை செய்து, தண்ணீர்த் தொட்டியில் சூடேற்றி, நேர்கோடு வரைந்து, பொருத்தம் 0.999 என்று காட்டும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. அதே உறை ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் தாண்டியபின் எப்படி இருக்கிறது என்று சொல்லும் கட்டுரைகள் குறைவு. பசை முதுமையடைவது, நீண்டகால நகர்வு, அதைக் களத்திலேயே கண்டுபிடிப்பது: இவற்றில் கவர்ச்சி இல்லை, தேவை இருக்கிறது. கருவியின் விலையைக் குறைப்பது இன்னொன்று. வடிவம் சிதைந்த முகட்டை எறிந்துவிடாமல், அதில் இருந்தே கிரேட்டிங் நெடுகத் திரிபு எப்படிப் பரவியிருக்கிறது என்று மீட்டெடுப்பது மூன்றாவது. கலப்புப் பொருள்களில் விரிசல் தொடங்குவதைப் பிடிக்க இது உதவும்.

லேசரும் மாஸ்க்கும் இல்லாத கல்லூரியில் இருக்கிறேன். எதில் தொடங்குவது?

பைத்தானில் தொடங்குங்கள். இணைந்த அலைக் கோட்பாட்டைப் படித்து, கிரேட்டிங்கைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி எழுதிப் பெருக்கிக்கொண்டே போனால் எதிரொளிப்பு நிறமாலை வந்துவிடும். நூறு வரிக்குள் அடங்கும். துண்டுக்குத் துண்டு இடைவெளியை மாற்றினால் சர்ப் கிரேட்டிங், நடுவில் அரை வரி தள்ளினால் கட்டம் மாறிய கிரேட்டிங், திரிபைச் சீரில்லாமல் கொடுத்தால் மேலே சொன்ன பல்பல்லான முகடு, எல்லாவற்றையும் பார்க்கலாம்.

நிரல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை: சீரான கிரேட்டிங், இணைப்புக் கெழுவையும் (முன்னே போகும் ஒளி ஓர் அலகு நீளத்தில் எவ்வளவு பலமாகப் பின்னே திருப்பப்படுகிறது என்பதன் அளவு) நீளத்தையும் பெருக்கினால் 2. உச்சியில் எதிரொளிப்பு 93% வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் ஒளிவிலகல் எண் மாற்றத்தைப் பாருங்கள். நடுவில் இருந்து உச்சி வரை உள்ள அளவைக் கொடுக்க வேண்டிய இடத்தில், அடியில் இருந்து உச்சி வரை உள்ளதைக் கொடுத்திருப்பீர்கள்.